மழை லீவு விட்டால் வீட்டில் என்னென்ன செய்யலாம்: ராமநாதபுரம் கடற்கரைக் குடும்பங்களுக்கு

நம் மாவட்டத்துக்கு வருஷம் முழுக்கப் பெய்கிற மழையே சராசரியாக 80 சென்டிமீட்டரை ஒட்டித்தான். அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் வாடைக்காற்றோடு வருவது. மற்ற மாதமெல்லாம் வெயில், உப்புக்காற்று, லாரித் தண்ணிக்குக் குடத்தை வரிசையில் வைத்துவிட்டுக் காத்திருப்பது. அப்படிப்பட்ட கரையில் 2024 நவம்பர் 20ஆம் தேதி ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டித் தீர்த்தது. பாம்பனில் மூன்று மணி நேரத்துக்குள் 19 சென்டிமீட்டர். ஒரு வருஷத்து மழையில் பாதி ஒரு பகலில் வந்து இறங்கினால் தெருவும் தாங்காது, வீடும் தாங்காது, வீட்டில் அடைந்து கிடக்கிற பிள்ளைகளும் தாங்கமாட்டார்கள்.

பழக்கமில்லாத ஊரில்தான் வானிலை அதிகமாகக் கடிக்கும். 2021 பிப்ரவரியில் அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில் பனி கொட்டியபோது அதைப் பார்த்தோம். வருஷா வருஷம் பனியில் வாழ்கிற வடக்கு மாநிலங்களில் அந்த அளவுப் பனிக்குப் பள்ளிக்கூடத்தை மூடுவார்களோ என்னவோ, டெக்சாஸில் தண்ணீர்க் குழாய்கள் உறைந்து வெடித்தன, நாள் கணக்கில் கரண்ட் இல்லாமல் லட்சக்கணக்கான வீடுகள் இருட்டில் கிடந்தன. பிள்ளைகள் முதல் முறையாகப் பனியைக் கண்டு வெளியே குதித்துக்கொண்டிருக்க, பெரியவர்கள் உள்ளே எதைக் கொண்டு வீட்டைச் சூடாக்குவது என்று தெரியாமல் திண்டாடினார்கள். நமக்குப் பனி வராது. நமக்கு வருவது மழை, எப்போதாவது வருவது, வந்தால் மொத்தமாக வருவது.

ஆகவே நான் சொல்ல வருவது இதுதான். வேலை எல்லாவற்றையும் முந்தின சாயங்காலமே முடித்துவிடுங்கள். மழை பெய்கிற பகலைத் தண்ணீர் பிடிப்பதற்கும் பிள்ளைகளுக்கும் கொடுங்கள். வருஷத்தில் இரண்டு மூன்று நாள்தான் இப்படி அமையும், அதை டிவிக்கும் செல்போனுக்கும் கொடுத்துவிட்டுப் படுத்துத் தூங்குவது எனக்கு மனசு கேட்காத காரியம்.

லீவு வருமா என்று தெரிந்துகொள்வது

லீவு விடுவது மாவட்ட ஆட்சியர். ராத்திரியோ விடிகாலையிலோ அறிவிப்பு வரும். வாட்ஸ்அப்பில் சுற்றுகிற படத்தை நம்பாதீர்கள், போன வருஷத்து அறிவிப்பில் தேதியை மட்டும் மாற்றிப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். மாவட்ட நிர்வாகத்தின் சொந்தப் பக்கத்தில் அல்லது செய்தியில் வந்தால்தான் லீவு.

அதைவிட முக்கியம் எவ்வளவு மழை வரப்போகிறது என்பது. வானிலை ஆய்வு மையம் 'கனமழை' என்றால் 24 மணி நேரத்தில் ஆறரை முதல் பதினொன்றரை சென்டிமீட்டர் வரை. 'மிக கனமழை' என்றால் அதற்கு மேல் ஏறக்குறைய 20 சென்டிமீட்டர் வரை. அதையும் தாண்டினால் 'அதி கனமழை'. செய்தி வாசிக்கிறவர் வேகமாகச் சொல்லிவிட்டுப் போய்விடுவார், இந்த மூன்று சொல்லுக்கும் நடுவில் இருக்கிற வித்தியாசம் வாசலில் கணுக்கால் தண்ணிக்கும் கட்டில் கால் மூழ்குகிற தண்ணிக்கும் இருக்கிற வித்தியாசம்.

பாம்பன் துறைமுகத்தில் ஏற்றுகிற புயல் கூண்டையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். ஒன்றாம் எண் என்றால் தூரக்கடலில் காற்றழுத்தத் தாழ்வு உருவாகியிருக்கிறது, இரண்டு என்றால் அது புயலாகிவிட்டது, ஆனாலும் தூரத்தில்தான் இருக்கிறது. மூன்றும் நான்கும் வந்தால் நம் துறைமுகத்துக்கே மோசமான காற்று வரலாம். ஐந்து முதல் ஏழு வரை அபாயம், எட்டு முதல் பத்து வரை பெரும் அபாயம். பதினொன்று ஏற்றினால் வானிலை மையத்தோடு தகவல் தொடர்பே அறுந்துபோனது என்று பொருள். மீன்வளத்துறை கடலுக்குப் போக டோக்கன் கொடுப்பதை நிறுத்தினாலே கரையில் இருக்கிறவர்களுக்குப் பாதி செய்தி கிடைத்துவிடும். மண்டபத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர்கள் இன்னொன்றையும் கணக்கில் வையுங்கள், காற்று பலமானால் பாம்பன் பாலத்தில் ரயிலை விடமாட்டார்கள், ஊருக்கு வர இருக்கிற சொந்தக்காரர்களை ராமநாதபுரத்திலேயே தங்கிவிட்டு வரச் சொல்லுங்கள்.

முந்தின சாயங்காலம்

முதல் வேலை மொட்டை மாடி. தண்ணீர் இறங்குகிற குழாய் வாயில் பத்து மாதமாக வேப்பஞ்சருகும் காக்கை போட்ட எலும்பும் பிள்ளைகள் தொலைத்த பந்தும் அடைத்துக்கொண்டிருக்கும். கையை விட்டு எடுத்துவிட்டு ஒரு குடம் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள், கீழே சத்தமாக விழ வேண்டும். இந்த ஒரு வேலையை விட்டால் மாடியில் அரை அடி தண்ணீர் நின்று, உப்புக்காற்றில் கம்பி அரித்துப்போன பழைய கான்கிரீட் வழியாக இறங்கி, அடுத்த மூன்று மாதம் சுவரில் ஈரம் காயாது. சிமெண்ட் ஷீட் போட்ட வீடாக இருந்தால் ஆணி கழன்ற இடத்தைப் பார்த்து முடுக்குங்கள், மேலே சும்மா கிடக்கிற தகரத்தையும் ஓடுகளையும் கீழே இறக்கிவிடுங்கள். பலத்த காற்றில் அவை பறந்துபோய் யார் மேல் விழும் என்று சொல்ல முடியாது.

ஓலை வீடு, தாழ்வான இடம், கடலுக்குப் பக்கத்து வீடு என்றால் மேலே சொன்னதெல்லாம் இரண்டாம் பட்சம். புயல் எச்சரிக்கை இருந்தால் இருட்டுவதற்கு முன்பே பக்கத்துப் புயல் பாதுகாப்பு மையத்துக்கோ பள்ளிக்கூடத்துக்கோ போய்விடுங்கள். அப்பத்தா வரமாட்டேன் என்று திண்ணையில் உட்கார்ந்துகொள்வார்கள், ஆடு கோழியை விட்டுவிட்டு எப்படி வருவது என்பார்கள். முதலில் ஆட்டை மேட்டுக்கு ஓட்டிவிட்டு வந்து கூப்பிடுங்கள், வந்துவிடுவார்கள்.

அப்புறம் வீட்டுக்குள். ரேஷன் கார்டு, ஆதார், பத்திரம், பாஸ்புக், பிள்ளைகளின் சான்றிதழ் எல்லாவற்றையும் இரட்டை பிளாஸ்டிக் பையில் கட்டி உயரத்தில் வையுங்கள். செல்போன், பவர் பேங்க், டார்ச் எல்லாம் நிறைச் சார்ஜில் இருக்கட்டும். தீப்பெட்டியை அரிசி டப்பாவுக்குள் போட்டுவிட்டால் ஈரத்தில் நமுத்துப்போகாது. மெழுகுவர்த்தி வைப்பதாக இருந்தால் எவர்சில்வர் டம்ளரில் பாதிக்கு மணல் போட்டு நடுவில் நட்டுவையுங்கள், சாய்ந்து விழாது. பெரியவர்களுக்குச் சர்க்கரை, பிரஷர் மாத்திரை நாலைந்து நாளைக்குக் கையிருப்பு இருக்கிறதா என்று அன்றைக்கே பாருங்கள், ஏனென்றால் மழை வந்தபின் மருந்துக்கடை திறந்திருந்தாலும் நீங்கள் போய்ச் சேர முடியாது. கருவாட்டை மாடியில் காயப்போட்டிருந்தால் அள்ளி உள்ளே கொண்டுவந்து காற்றுப் புகாத டப்பாவில் போடுங்கள், ஒரு முறை நனைந்தால் புழு வைத்துவிடும்.

யூனிஃபார்மைத் துவைக்காதீர்கள். காயாது.

சுவரில் ஒரு தாளை ஒட்டி, பெரிய எழுத்தில் நம்பர்களை எழுதிவைக்கப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள்: மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070, ஆம்புலன்ஸ் 108, மின்வாரியத்தின் மின்னகம் 94987 94987. போனில் சார்ஜ் தீர்ந்து பக்கத்து வீட்டுப் போனில் பேச வேண்டி வந்தால் யாருக்கும் எந்த நம்பரும் ஞாபகத்தில் இருக்காது.

தண்ணீர் பிடிப்பது

இதுதான் இந்த நாளின் பெரிய வேலை. கிணறு தோண்டினால் உப்பு, போர் போட்டால் அதைவிட உப்பு, குடிக்கிற தண்ணீரைக் குடம் கணக்கில் காசு கொடுத்து வாங்குகிற ஊர் நம்முடையது. வானம் சும்மா கொட்டும்போது ஏந்தாமல் விடக்கூடாது.

கணக்கு எளிது, பிள்ளைகளே போட்டுவிடுவார்கள். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். 500 சதுர அடி மாடி ஏறக்குறைய 46 சதுர மீட்டர். 5 சென்டிமீட்டர் மழை என்றால் 50 மில்லிமீட்டர், 46 தரம் 50, மொத்தம் 2,300 லிட்டர். சிந்தியது, தரை குடித்தது, முதலில் விட்டது எல்லாம் கழித்தாலும் 1,800 லிட்டர் தேறும். 15 லிட்டர் குடத்தில் 120 குடம்! இந்தக் கணக்கை ஒரு முறை போட்டுக் காட்டினால் பிள்ளைகள் அப்புறம் மழையைப் பார்க்கிற பார்வையே மாறிவிடும்.

மாடியில் இருந்து பிடிப்பதாக இருந்தால், வெயில் காலத்துக்குப் பிறகு வருகிற முதல் மழையைப் பிடிக்காதீர்கள். உப்புத் தூசி, பறவை எச்சம், சருகு எல்லாம் அதில் கழுவிக்கொண்டு போகும். பருவம் தொடங்கி மாடி நன்றாகக் கழுவப்பட்ட பிறகும், ஒவ்வொரு மழையிலும் முதல் பத்துப் பதினைந்து நிமிஷத்தை விட்டுவிட்டு, குழாய் வாயில் வெள்ளைத் துணியை இரண்டாக மடித்துக் கட்டி, அதற்குப் பிறகு தொட்டிக்குத் திருப்புங்கள். சிமெண்ட் ஷீட்டில் இருந்து வழிகிற தண்ணீர் குளிக்கத் துவைக்கப் பரவாயில்லை, குடிக்க வேண்டாம். தமிழ்நாட்டில் 2003இலேயே எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்புக் கட்டாயம் என்று ஆனது, ஆனால் பல வீடுகளில் அந்தக் குழாய் எங்கே போகிறது என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. இந்த லீவில் அதையும் தேடிப் பாருங்கள், மண் மூடிக் கிடந்தால் மழை விட்டபின் ஆளை வைத்து எடுத்துவிடலாம்.

குடிக்கிற தண்ணிக்கு நம் பக்கத்துப் பழைய வழியே போதும். கஞ்சி போடாமல் துவைத்து உலர்த்திய வெள்ளை வேட்டி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். திறந்த முற்றத்தில், மரத்துக்கும் கூரைக்கும் கீழே வராத இடத்தில், நாலு கம்பில் நாலு முனையையும் இறுக்கிக் கட்டுங்கள், இடுப்பு உயரத்துக்குச் சற்று மேலே. நடுவில் நன்றாகக் கழுவிய கூழாங்கல் ஒன்றைப் போட்டால் துணி அந்த இடத்தில் குழிந்து தொங்கும். அதற்கு நேர் கீழே குடம். மழை தொடங்கியதும் முதலில் ஒன்றும் நடக்காது, துணி குடித்துக்கொண்டே இருக்கும். நன்றாக ஊறியபின் கல்லுக்கு அடியில் ஒரு சொட்டு திரளும், இன்னொரு சொட்டு, அப்புறம் அறுபடாத நூல் மாதிரி இறங்க ஆரம்பிக்கும். முதல் ஒரு சொம்பைக் கீழே ஊற்றிவிட்டுக் குடத்தை வையுங்கள். நாலு முழ வேட்டி இரண்டு சதுர மீட்டருக்குக் குறையாது, 5 சென்டிமீட்டர் பெய்தால் 100 லிட்டர் பிடிக்கலாம். குடத்தை மாற்றுவது பெரிய பிள்ளைகளின் வேலை, நிரம்பியதை உள்ளே எடுத்து மூடுவது பெரியவர்களின் வேலை.

இடி இடிக்கும்போது யாரும் முற்றத்திலோ மாடியிலோ நிற்கக் கூடாது. குடம் வழிந்தால் வழியட்டும். காற்று பலமாக அடித்தால் வேட்டி நிற்காது, அவிழ்த்துவிட்டுத் தாழ்வாரத்தில் வரிசையாக அண்டா, குண்டா, வாளி எல்லாவற்றையும் வைத்துவிடுங்கள்.

பிடித்த தண்ணீரை மூடி போட்ட பாத்திரத்தில், வெளிச்சம் படாத இடத்தில் வையுங்கள். குடிப்பதற்குக் கொதிக்கவைத்து ஆற்றித்தான் கொடுக்க வேண்டும், மழைத்தண்ணி சுத்தம் என்று பச்சையாகக் கொடுக்காதீர்கள். மழைத்தண்ணீரில் பருப்பு வேகிற வேகத்தையும் டீயின் நிறத்தையும் நம் ஊர் ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

அடுப்படி

கரண்ட் போகும் என்று வைத்துக்கொண்டே சமையலைத் திட்டமிடுங்கள். மிக்ஸி தேவைப்படுகிற எதையும் காலையிலேயே அரைத்துவிட வேண்டும். ஃபிரிட்ஜைத் திறக்காமல் வைத்தால் நாலு மணி நேரம் குளிர்ச்சி நிற்கும், ஆகவே மீன் இருந்தால் அதை மதியத்துக்கே முடித்துவிடுங்கள். கடலுக்குப் போகாத நாளில் புது மீனும் வராது, அன்றைக்குக் கருவாடுதான் ராஜா. நெத்திலிக் கருவாட்டைத் தலை கிள்ளி, வெந்நீரில் பத்து நிமிஷம் போட்டு, மணல் போக இரண்டு மூன்று தண்ணியில் அலசுங்கள். புளிக்கரைசலில் முண்டு மிளகாய் அரைத்த மசாலாவும் கத்தரிக்காயும் கொதித்து வந்தபின் கருவாட்டைக் கடைசியில் போடுங்கள். உப்பு கடைசியில் சுவை பார்த்துத்தான், கருவாட்டிலேயே இருக்கும். ராத்திரிக்கும் அதே குழம்பு தாங்கும், சுடவைத்தால் இன்னும் ருசி.

சாயங்காலம் சுக்கு மல்லிக் காபி. ஒரு பிடி கொத்தமல்லி விதை, கட்டை விரல் அளவு சுக்கு, நாலு மிளகு, இதை வெறும் சட்டியில் வாசம் வரும்வரை வறுத்து இடித்துக்கொள்ளுங்கள். கருப்பட்டியை நேராகக் கொதியில் போடாதீர்கள். தனியாகக் கரைத்து, கொஞ்ச நேரம் அசையாமல் வைத்து, தெளிவை மட்டும் வடிகட்டி எடுத்தால் அடியில் மணலும் சுண்ணாம்பும் தங்கியிருப்பதைப் பார்க்கலாம். அந்தத் தெளிவில் பொடியைப் போட்டு இரண்டு கொதி. பெரியவர்களுக்கு அப்படியே, பிள்ளைகளுக்குப் பாதி தண்ணீர் கலந்து.

விறகடுப்போ கரியடுப்போ மூட்டுவதாக இருந்தால் ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்வேன். நம் பக்கம் கருவேலங்கரிக்குப் பஞ்சமில்லை, ஈரக்குளிர் அடிக்கிறது என்று கதவு சன்னலை எல்லாம் அடைத்துக்கொண்டு உள்ளே கரியை மூட்டாதீர்கள். வாடகைக்கு எடுத்த ஜெனரேட்டரையும் வீட்டுக்குள்ளோ தாழ்வாரத்திலோ ஓட்டாதீர்கள். டெக்சாஸில் அந்தப் பனியின்போது வீட்டுக்குள் கரி மூட்டியும், ஷெட்டுக்குள் காரை ஓடவிட்டும், உள்ளே ஜெனரேட்டர் வைத்தும் கார்பன் மோனாக்சைடு வாயுவால் குடும்பத்தோடு செத்துப்போனவர்கள் இருக்கிறார்கள். அந்த வாயுவுக்கு வாசமும் இல்லை, நிறமும் இல்லை. தலைவலி, மயக்கம், வாந்தி என்று ஒருவருக்கு மேல் சொன்னால் உடனே எல்லோரும் வெளியே வர வேண்டும், மழை பெய்தாலும்.

பிள்ளைகளோடு

காலையில் முதல் வேலை மழை அளப்பது. வாயும் அடியும் ஒரே அகலமாக இருக்கிற டம்ளர் அல்லது டப்பா ஒன்றை, சுவரில் இருந்து தள்ளி, சரியாமல் இருக்கச் செங்கல் அணைத்து வையுங்கள். ஸ்கேலை உள்ளே விட்டு உயரம் பார்த்தால் அதுதான் உங்கள் வீட்டு மழை. வானிலைத் துறை காலை எட்டரை மணியில் இருந்து மறுநாள் எட்டரை வரைதான் ஒரு நாள் மழையாகக் கணக்கெடுக்கும், நீங்களும் அதே நேரத்தில் பாருங்கள். மறுநாள் பேப்பரில் பாம்பன், மண்டபம், தங்கச்சிமடம், தொண்டி, வாலிநோக்கம், கடலாடி என்று வரிசையாக அளவு வரும். பக்கத்து ஊர் அளவோடு ஒப்பிட்டு ஒரு நோட்டில் எழுதிவரச் சொல்லுங்கள். பத்து மைல் தள்ளி எட்டு சென்டிமீட்டர் பெய்திருக்கும், நம் வீட்டில் இரண்டுதான் இருக்கும். வடகடல் பக்கம் ஒரு மாதிரி, தென்கடல் பக்கம் ஒரு மாதிரி. இதை எந்தப் பாடப்புத்தகமும் இவ்வளவு தெளிவாகச் சொல்லித்தராது.

மின்னல் வெட்டியதும் எண்ண ஆரம்பித்து இடி கேட்டதும் நிறுத்தச் சொல்லுங்கள். மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டர் தூரம். முப்பது விநாடிக்குள் இடி கேட்டால் மின்னல் நம்மைத் தொடுகிற தூரத்தில் இருக்கிறது, வாசலில் கூட நிற்கக் கூடாது. கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆகும்வரை வெளியே விடாதீர்கள். இடிக்குப் பயந்து அழுகிற சின்னப் பிள்ளைக்கும் இந்த எண்ணும் விளையாட்டு நன்றாக வேலை செய்யும், பயப்படுகிற நேரத்தில் எண்ண வேண்டியிருக்கிறது பாருங்கள்.

பல்லாங்குழி, தாயம், ஆடுபுலி இதெல்லாம் எல்லா வீட்டிலும் தெரிந்தவை, நான் விளக்க வேண்டாம். பல்லாங்குழிப் பலகை இல்லாவிட்டால் முட்டை அட்டை போதும், சோழி இல்லாவிட்டால் புளியங்கொட்டை. கடல் தொழில் பார்க்கிற வீட்டில் அன்றைக்கு வருமானம் இல்லை என்கிற கவலை பெரியவர்களின் முகத்தில் இருக்கும், அது பிள்ளைகளுக்கும் தெரியும். ஆனாலும் அப்பா பகல் முழுக்க வீட்டில் இருக்கிற நாள் அபூர்வம். கிழிந்த வலையைத் தாழ்வாரத்தில் விரித்துச் சரிசெய்யும்போது பக்கத்தில் உட்காரவைத்து ஊசியில் நூல் சுற்றவாவது சொல்லிக்கொடுங்கள். முடிச்சு போடுகிற விரலைப் பிள்ளைகள் கண்கொட்டாமல் பார்ப்பார்கள்.

வீட்டில் எழுபதைத் தொட்டவர்கள் இருந்தால், கரண்ட் போன சாயங்காலத்தில் 1964ஐப் பற்றிக் கேளுங்கள். டிசம்பர் 22 ராத்திரி வந்த புயலில் தனுஷ்கோடி என்கிற ஊரே போனது, பாசஞ்சர் ரயில் ஒன்று ஆட்களோடு அடித்துக்கொண்டு போனது, பாம்பன் பாலம் இடிந்தது. அதை ரயில்வே பொறியாளர் ஸ்ரீதரன் தலைமையில் 46 நாளில் மறுபடி எழுப்பினார்கள். இதெல்லாம் எழுதப்பட்ட செய்தி. ஆனால் அன்றைக்கு நம் தெருவில் தண்ணீர் எதுவரை வந்தது, யார் வீட்டில் எல்லோரும் போய் ஒதுங்கினார்கள், மறுநாள் என்ன சாப்பிட்டார்கள் என்பது அவர்களிடம் மட்டும்தான் இருக்கிறது. அப்பத்தாவோ நன்னாவோ யார் சொன்னாலும் குறுக்கே பேசாமல் கேட்டு, பேரப்பிள்ளை போனில் ஒலிப்பதிவு செய்யட்டும். போனில் மிச்சமிருக்கிற சார்ஜைச் செலவழிக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

மழையில் நனைய விடலாமா என்று கேட்பீர்கள். இடி இல்லாவிட்டால், வீட்டு முற்றத்தில், பெரியவர் பக்கத்தில் நிற்க, கொஞ்ச நேரம் தாராளமாக விடுங்கள். வந்ததும் தலை துவட்டி உலர்ந்த துணி மாற்றினால் போதும். காகிதக் கப்பலும் முற்றத்துத் தண்ணீரிலேயே போகட்டும். தெருவில் ஓடுகிற தண்ணீரில் வேண்டாம், சாக்கடையும் மூடி இல்லாத குழியும் அந்தத் தண்ணீருக்கு அடியில் எங்கே இருக்கிறது என்று தெரியாது.

கண்டிப்பாகக் கூடாதவை

அலை பார்க்கப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கடற்கரைக்கோ அரிச்சல்முனைக்கோ போகாதீர்கள். புயல் நேரத்தில் திடீரென்று காற்று ஓய்ந்து அமைதியானால், முடிந்துவிட்டது என்று வெளியே வராதீர்கள், புயலின் கண் நம் மேல் நிற்கலாம், கொஞ்ச நேரத்தில் எதிர்ப்பக்கத்தில் இருந்து அதே வேகத்தில் மறுபடி அடிக்கும். அறுந்து கிடக்கிற கம்பியின் பக்கம் போகாதீர்கள், கரண்ட் இல்லை என்று நினைத்துத் தொட்டவர்கள்தான் அதிகம் போயிருக்கிறார்கள். வீட்டுக்குள் தண்ணீர் ஏறும் போல் இருந்தால் கை காய்ந்திருக்கும்போதே மெயினை அணைத்துவிடுங்கள்.

ஊரணியைத் தனியாகச் சொல்ல வேண்டும். வருஷம் முழுக்கக் காய்ந்து கிடந்து பிள்ளைகள் கிரிக்கெட் விளையாடிய அதே பள்ளம் ஒரு ராத்திரியில் நிரம்பிவிடும். மண் அள்ளிய குழி எங்கே, படி எதுவரை என்று மேலிருந்து தெரியாது, படியில் பாசி வழுக்கும். நம் பிள்ளைகளில் பலருக்குக் கடலோரத்தில் வளர்ந்தும் நீச்சல் தெரியாது. மழை விட்ட முதல் வாரம் ஊரணிப் பக்கம் தனியாக அனுப்பவே அனுப்பாதீர்கள்.

வளைக்குள் தண்ணீர் போனதும் பாம்பு மேட்டைத் தேடி வீட்டுக்கு வரும். செருப்பை உதறிப் போடுங்கள், விறகுக் குவியலில் கையை விடாதீர்கள், ராத்திரி பாத்ரூம் போக டார்ச் எடுத்துக்கொள்ளுங்கள், தரையில் படுக்கிறவர்களைக் கட்டிலுக்கு மாற்றுங்கள். கடித்துவிட்டால் கட்டுப் போடுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். கடிபட்டவரை நடக்கவிடாமல், கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல், 108ஐக் கூப்பிட்டு நேராக அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள், விஷமுறிவு மருந்து அங்கே இருக்கிறது.

மழை விட்ட பிறகு

முதலில் பக்கத்தில் தனியாக இருக்கிற பெரியவர்கள் யார் என்று பார்த்து ஒரு நடை போய்வாருங்கள். அப்புறம் மாடி, சுவர், மீட்டர் பெட்டி. சுவரில் ஈரம் இருந்தால் சுவிட்சைத் தொடாமல் எலக்ட்ரீஷியன் வரும்வரை பொறுத்துக்கொள்ளுங்கள். தெருத் தண்ணீர் கலந்த கிணறு, தொட்டி எதையும் குளோரின் போட்டுச் சுத்தம் செய்யாமல் புழங்கக் கூடாது.

பிடித்து வைத்த தண்ணீரில் கொசு முட்டையிட விடாதீர்கள். டெங்கு கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டை வைக்கும், முட்டை கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் போதும். மூடியில்லாத பாத்திரத்துக்குத் துணி கட்டுங்கள், வாரத்தில் ஒரு நாள் எல்லாவற்றையும் கொட்டித் தேய்த்து நிரப்புங்கள். கொட்டாங்கச்சி, பழைய டயர், பூந்தொட்டித் தட்டு இவற்றைத் தேடிக் கவிழ்ப்பது பிள்ளைகளுக்குக் கொடுக்கக்கூடிய நல்ல வேலை, ஒளித்துவைத்ததைக் கண்டுபிடிப்பது போல் விழுந்து விழுந்து தேடுவார்கள்.

மழை நன்றாகப் பெய்து கண்மாய்கள் நிரம்பியிருந்தால், தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சக்கரக்கோட்டைக் கண்மாய்க்கோ தேர்த்தங்கலுக்கோ பிள்ளைகளைக் கூட்டிப்போங்கள். இரண்டும் 2025இல் ராம்சார் என்கிற உலக ஈரநிலப் பட்டியலில் சேர்ந்த பறவைகள் சரணாலயங்கள். சித்திரங்குடியும் காஞ்சிரங்குளமும் அதற்கு முன்பே சேர்ந்தவை. நாம் நோட்டில் எழுதிவைத்த அந்த மழைதான் அங்கே தேங்கி நிற்கிறது, அதை நம்பித்தான் நாரையும் கூழைக்கடாவும் கூடு கட்ட வருகின்றன. விடிகாலையில் போங்கள், கத்திப் பேசாமல் கரையோடு நடங்கள்.

வேட்டியை வெந்நீரில் அலசி, வெயிலில் முழுசாகக் காயவைத்து, கூழாங்கல்லோடு சேர்த்து மடித்து ஒரு பையில் போடுங்கள். டார்ச்சில் இருந்து பேட்டரியைக் கழற்றி அதே பையில் வையுங்கள், உள்ளேயே விட்டால் உப்புக்காற்றில் கசிந்து டார்ச் கெட்டுப்போகும். மாத்திரைக் கையிருப்பையும் மெழுகுவர்த்தியையும் மறுபடி நிரப்பிவிடுங்கள். மார்கழி முடிகிறவரை வாடைமழை இருக்கிறது, பை கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கட்டும்.